ஒரே ஆணியில் நான்கு பை

(நமது சங்கத்தின் ஆடி மாதப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



வங்கியில் வேலை பார்த்தவர் என்பதால் வரவு செலவு பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டார். வரவு செலவைப் பொருளாளர் என்னைவிட நன்றாகவே படித்துவிட்டார். அதனால் நான் வேறொன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டுக்கொண்டேன்.

சென்ற கூட்டத்தில் நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்குவது என்று பேசி முடித்தோம். மழைநீர் வடிகாலை இரண்டு குறுக்குத் தெருக்களுக்கும் நீட்டுவது, ஆழ்துளைக் கிணற்றுக்குப் புது மோட்டார் போட்டு விநியோகக் குழாய்களை மாற்றுவது, ஐந்து தெருக்களுக்கும் பேவர் பிளாக் கல் பதிப்பது, முனைகளில் கண்காணிப்புக் கேமரா வைப்பது. எல்லாம் ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும். மொத்த மதிப்பீடு 16 லட்சம். கையில் இருப்பது வைப்புத்தொகையும் சேர்த்து 17 லட்சத்துச் சொச்சம். அப்போது நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நாலையும் ஒட்டுக்கா ஆரம்பிச்சுப் போடலாமுங்க, ஒண்ணு நின்னாலும் மூணு நடக்குமல்லங்க" என்றார். எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். வேலைகளில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் கணக்கைத்தான் இன்று கொஞ்சம் உடைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒன்று நின்றால் மூன்று நடக்கும் என்பது எப்போது உண்மை? நான்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லாமல் இருந்தால் உண்மை. நான்கு பையை நான்கு ஆணியில் மாட்டியிருந்தால் ஓர் ஆணி கழன்றாலும் மூன்று பை சுவரில் இருக்கும். ஒரே ஆணியில் மாட்டியிருந்தால்? பை நான்கு என்பதில் நமக்கு ஒரு லாபமும் இல்லை. சொல்லப்போனால் பாரம் கூடியதால் ஆணி சீக்கிரம் கழலும்.

வங்கிக் கவுண்டரில் இது அடிக்கடி கண்ணில் படும் விஷயம். நம்ம பக்கத்து வாடிக்கையாளர் ஒருவரைச் சொல்கிறேன், பேர் வேண்டாம். தறிப்பட்டறை இருந்தது. மெயின் ரோட்டில் மூன்று கடை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார், இரண்டு மளிகை, ஒரு டிபன் கடை. வாரத் தவணைக்குப் பணம் விடும் சின்ன பைனான்ஸ் ஒன்றில் பங்கு. பாவும் துணி மூட்டையும் ஏற்ற ஒரு சரக்கு ஆட்டோ. "எனக்கு நாலு காலு இருக்குதுங்க, கீழே விழ மாட்டேன்" என்பார். நல்ல உழைப்பாளி, கணக்கில் ஒரு செக் திரும்பியது கிடையாது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். நடப்புக் கணக்கில் வாரத்துக்கு 50,000 ரூபாய், சேமிப்புக் கணக்கில் 24,000 என்று எடுப்பதற்கு வரம்பு வைத்தார்கள். தறி ஓட்டுகிறவர்களுக்கு வாரச் சம்பளம் ரொக்கமாகத்தான் போகும் என்பது இங்கே யாருக்கும் தெரியாததல்ல. சம்பளம் பாதிதான் கொடுக்க முடிந்தது. சம்பளம் வாங்குகிறவர்கள்தான் அந்த மளிகையில் சாமான் வாங்குகிறவர்கள், அந்த டிபன் கடையில் சாப்பிடுகிறவர்கள். கடைக்காரர்கள் வாடகைக்குத் தவணை கேட்டார்கள். பைனான்ஸில் கடன் வாங்கியிருந்தவர்களும் அதே ஆட்கள், வசூல் நின்றது. தறி குறைவாக ஓடியதால் ஆட்டோவுக்கு லோடு இல்லை. மூன்றே வாரத்தில் நான்கு காலும் ஒன்றாக மடங்கின. அவர் நான்கு தொழில் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் சனிக்கிழமைச் சம்பளம் என்ற ஒரே ஆணியில் நான்கு பை மாட்டியிருந்தார். ரொக்கம் புழங்க ஆரம்பித்த பிறகு மெல்ல எழுந்துவிட்டார் என்பது வேறு கதை.

ஹாரி மார்கோவிட்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1952-இல் முதலீடு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னால் 1990-இல் நோபல் பரிசும் பெற்றார். பணத்தைப் பல இடத்தில் போட்டால் மட்டும் போதாது, அந்த இடங்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் கணக்குப் போட்டுக் காட்டியது. பி.காம். படிக்கும்போது எனக்கு அது பாடமாக இல்லை. ஆனால் கவுண்டரில் உட்கார்ந்தால் தானாகவே புரிந்துவிடும்.

இப்போது நமக்கு ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருப்பூருக்கு வருவோம். ஒரே நேரத்தில் பல திட்டங்கள் நடத்துவதில் நம் பக்கத்தில் நடந்ததிலேயே பெரிய பாடம் அது. நம்ம ஊரிலும் சாயப்பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்ற பேச்சு வெகுகாலமாக இருப்பதால் இது நமக்கு அந்நியக் கதையும் இல்லை.

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் அமைத்து வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடக் கூடாது, 2007 ஜூலை 31-க்குள் அதற்கான ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்கு முன்பே திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தன. ஆனால் அவை நிறத்தையும் சேற்றையும் எடுக்கும், உப்பை எடுக்காது. விவசாயியின் கிணற்றைக் கெடுத்தது உப்புதான்.

ஆகவே சுமார் 20 இடங்களில் ஒரே நேரத்தில் வேலை தொடங்கியது. ஒவ்வொரு நிலையமும் தனிக் கம்பெனி. அந்தந்தப் பகுதிச் சாயப்பட்டறைக்காரர்கள் பங்குதாரர்கள். தனித்தனி நிலம், தனித்தனிக் கணக்கு, தனித்தனி வங்கிக் கடன். பல நூறு கோடி ரூபாய் போனது. காகிதத்தில் பார்த்தால் மிக நன்றாகப் பிரித்து வைத்த திட்டம். ஒரு பகுதி நிலையம் சரியாக வராவிட்டால் அந்தப் பகுதிப் பட்டறைகளுக்குத்தான் பாதிப்பு, மற்ற பகுதிகள் நடக்கும். நம் உறுப்பினர் சொன்ன அதே கணக்கு.

ஆனால் எல்லா நிலையங்களிலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு முறையில், நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் போலத்தான், வடிகட்டி நல்ல தண்ணீரைத் திரும்ப எடுப்பது. மிஞ்சும் கடும் உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி உப்பைத் தனியே பிரிப்பது. முதல் பாதி நன்றாகவே நடந்தது. இரண்டாவது பாதிதான் தகராறு. அந்த உப்புநீரில் சாயமும் கடினத்தன்மையும் கலந்து கிடந்தன. ஆவியாக்கும் கலன்களில் படிவு கட்டியது, நினைத்த அளவு ஓடவில்லை. வெளியே வந்த உப்பு கலப்பு உப்பாக இருந்ததால் திரும்பப் பயன்படுத்தவும் முடியவில்லை, எங்கே கொட்டுவது என்றும் தெரியவில்லை. இதுதான் அந்த ஆணி. ஓரிடத்தில் சிக்கியது எல்லா இடத்திலும் சிக்கியது, ஏனென்றால் எல்லா இடத்திலும் ஒரே அனுமானத்தின் மேல் கட்டியிருந்தார்கள்.

இரண்டாவது ஆணி கெடு. எல்லோருக்கும் நீதிமன்றம் வைத்த ஒரே கெடு. 2009 அக்டோபர் 6-இல் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்து மூன்று மாத அவகாசம்தான் கொடுத்தது. கெடு தலைக்கு மேல் இருக்கும்போது ஓரிடத்தில் கட்டிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, பிறகு மற்றதைக் கட்டுவோம் என்று யாரும் சொல்ல முடியாது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, கழிவு வெளியேறுவது நிற்கவில்லை என்று சொல்லி, சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. ஒன்று நின்றாலும் பத்தொன்பது நடக்கும் என்பது நடக்கவில்லை. அந்த வருஷம் சாயம் போட வழியில்லாமல் பனியன் கம்பெனிகள் திண்டாடியதும், நூல் விலை ஏறியிருந்ததும் சேர்ந்து நம் தறிக்காரர்கள் வரைக்கும் அதிர்ந்தது இங்கே பலருக்கு நினைவிருக்கும்.

பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியம். அருள்புரம் நிலையத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மாற்று முறை ஒன்றைச் செய்து காட்டினார்கள். உப்புநீர் முழுவதையும் ஆவியாக்காமல், அதைச் சுத்தப்படுத்தி மறுபடி சாயத் தொட்டிக்கே உப்புக்குப் பதிலாகப் பயன்படுத்துவது. சாயம் ஏற உப்பு எப்படியும் வேண்டும் அல்லவா? இதனால் ஆவியாக்கும் கலன்களுக்குப் பாரம் குறைந்தது. அருள்புரத்தில் ஓடுவதைப் பார்த்த பிறகு மற்ற நிலையங்களும் அந்த வழிக்கு வந்தன. தமிழக அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. இன்று திருப்பூரில் சாயக்கழிவை வெளியே விடாமல் தொழில் நடத்தலாம் என்று மற்ற மாநிலத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஓரிடத்தில் ஓட்டிப் பார்ப்பது முதலில் நடந்திருக்க வேண்டியது, கடைசியில் நடந்தது. நடுவில் போன காலத்தையும் வட்டியையும் பட்டறைக்காரர்கள் கட்டினார்கள். அதற்கும் முன்பே விலை கொடுத்தவர்கள் விவசாயிகள். இதில் நான் விவசாயிகளையோ நீதிமன்றத்தையோ குறை சொல்லவில்லை. பத்து வருஷம் சும்மா இருந்துவிட்டுக் கெடு வந்த பிறகு ஓடினால் இருபது இடத்திலும் ஒரே தப்பைத்தான் செய்ய நேரம் இருக்கும்.

இந்தத் திருப்பூர் திட்டங்களில் பலவற்றை முன்னின்று நடத்திய தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனம், தமிழக அரசும் ஐ.எல். அண்ட் எப்.எஸ். நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. அந்த ஐ.எல். அண்ட் எப்.எஸ்.க்கு 2018-இல் நேர்ந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். சாலை, மின்சாரம், தண்ணீர் என்று முந்நூறுக்கும் மேற்பட்ட துணைக் கம்பெனிகள், 90,000 கோடி ரூபாய்க்கு மேல் கடன். ஒவ்வொரு சாலைக்கும் ஒரு கம்பெனி. ஒன்றின் நஷ்டம் மற்றொன்றைத் தொடாது என்பது ஏற்பாடு. ஆனால் பதினைந்து, இருபது வருஷத்தில் பணம் திரும்பும் சாலைக்கு, சில மாதத்தில் திருப்பித் தர வேண்டிய கடனை வாங்கிச் சுழற்றிக்கொண்டிருந்தது தாய்க் கம்பெனி. நிலம் கிடைப்பது பல இடங்களில் தாமதமானது, வரவேண்டிய பணம் அரசுகளிடம் நின்றது, புதுக் கடன் கிடைப்பது நின்றது. சில வாரங்கள் முன்புவரை அதன் பத்திரங்களுக்கு மிக உயர்ந்த தர மதிப்பு இருந்தது. 2018 அக்டோபர் 1 அன்று மத்திய அரசு தீர்ப்பாயத்தின் மூலம் நிர்வாகக் குழுவையே மாற்ற வேண்டியதாயிற்று. பைகள் முந்நூறு, ஆணி ஒன்று.

ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. ஒரு வங்கி, தன் அடிப்படை மூலதனத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஒருவரிடமோ, 25 சதவீதத்துக்கு மேல் ஒரு குழுமத்திடமோ சிக்கிக்கொள்ளக் கூடாது என்று 2019-இலிருந்து நடைமுறை. எனக்கு அதில் பிடித்தது சதவீதம் அல்ல, குழுமம் என்று யாரைச் சொல்வது என்பதற்குக் கொடுத்த விளக்கம். முதலாளி ஒருவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் விழுந்தால் மற்றவரும் விழுவார் என்ற நிலை இருந்தால், பேர் வேறாக இருந்தாலும் இருவரும் ஒருவரே. இதைவிடத் தெளிவாக நான் சொல்ல முடியாது.

ஆணி ஒரு வகை. சங்கிலி இன்னொரு வகை. அதற்கு உதாரணம் ஆற்றுக்கு அக்கரையில் பவானியிலேயே இருக்கிறது. அத்திக்கடவு–அவினாசித் திட்டம். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகும் தண்ணீரை எடுத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோவது. அறுபது வருஷக் கோரிக்கை. 2019 பிப்ரவரியில் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17-இல் தொடக்கம், செலவு 1,916 கோடி. பவானியில் தொடங்கி அன்னூர் வரை ஆறு நீரேற்று நிலையங்கள். நீர் மேட்டுக்குப் போக வேண்டும் என்பதால் ஒன்று ஏற்றிக் கொடுத்தால்தான் அடுத்தது எடுக்க முடியும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாய். பல இடங்களில் ஒரே நேரத்தில் வேலை நடந்தது, பெரும்பகுதி முடிந்தும்விட்டது. ஆனால் முதல் மூன்று நிலையங்களுக்கு இடையே குழாய் போகும் சில இடங்களில் நில உரிமையாளர்களுடன் இழப்பீடு பேசி முடிக்காமல் இருந்தது. அந்தச் சின்னத் துண்டு முடியும்வரை, கட்டி முடித்த மற்ற நிலையங்களுக்குத் தண்ணீர் இல்லை. நூற்றில் தொண்ணூறு முடிந்தது என்று கேட்டால் சந்தோஷமாக இருக்கும். சங்கிலியில் தொண்ணூறு கண்ணி இருந்து ஒரு கண்ணி இல்லாவிட்டால் கிணற்றிலிருந்து வாளி வராது.

இனி நம் நான்கு வேலைக்கு வருகிறேன். கோடிகளிலிருந்து லட்சத்துக்கு இறங்குகிறோம். ஆனால் நமக்கு இந்த 16 லட்சம் பதினோரு வருஷச் சந்தா.

முதலில் சங்கிலியைப் பாருங்கள். குழாய் மாற்றத் தெருவைத் தோண்ட வேண்டும். வடிகாலுக்கும் தோண்ட வேண்டும். கேமராவுக்கு ஒயர் தரைக்கு அடியில் போகிறது என்றால் அதற்கும் ஒரு பைப் பதிக்க வேண்டும். கல் பதிப்பது இவை மூன்றுக்கும் பிறகுதான். கல் பதித்த பிறகு குழாயில் கசிவு என்றால் கல்லைப் பெயர்க்க வேண்டும். பெயர்த்த இடத்தை எத்தனை கவனமாக மூடினாலும் ஒரு மழைக்குப் பிறகு உள்வாங்கும் என்பதை நகராட்சித் தெருக்களில் தினமும் பார்க்கிறோம். ஆகவே நான்கும் ஒரே நேரத்தில் என்பது பேச்சுக்குத்தான். உண்மையில் மூன்று வேலை, அதன்மேல் நான்காவது.

ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு வேலையும் குறித்த நாளில் முடிய நூற்றுக்கு எண்பது வாய்ப்பு என்று வையுங்கள். கட்டட வேலையில் எண்பது என்பது தாராளம். நான்கும் குறித்த நாளில் முடிய என்ன வாய்ப்பு? எண்பது அல்ல. எண்பதை நான்கு தடவை பெருக்க வேண்டும். நூற்றுக்கு 41 வருகிறது. நான்கில் ஒன்றாவது இழுக்கும் என்பதுதான் பெரும்பான்மை வாய்ப்பு. அது எதுவாக இருக்கும் என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்து ஆணிகள். வடிகால், குழாய், கல் மூன்றுக்கும் குறைந்த விலை கொடுத்தவர் ஒரே ஒப்பந்தக்காரர். நல்லவர், நம் பகுதிக்குத் தெரிந்தவர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவருக்கு நாம் ஒருவர் மட்டுமா? ஊரில் இன்னும் நான்கைந்து இடத்தில் வேலை எடுத்திருப்பார். காலையில் மேஸ்திரி வந்து நின்று, பத்து மணிக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு சைட்டுக்குப் போவதை வீடு கட்டிய அத்தனை பேரும் பார்த்திருக்கிறோம். நாம் நான்கு வேலையை நடத்துகிறோம் என்று நினைக்கிறோம். அவர் கணக்கில் நாம் அவருடைய பல வேலைகளில் ஒன்று. இங்கே வாங்கிய முன்பணத்தில் அங்கே சிமெண்ட் இறங்கும், அங்கே பில் பாஸானால் இங்கே ஆள் வரும். வங்கியில் இதைக் கடன் திசைமாற்றம் என்று எழுதுவோம். தப்பான எண்ணத்தில் செய்வது என்றில்லை, தொழில் அப்படித்தான் சுழல்கிறது. ஆனால் வேறெங்கோ அவருக்கு ஒரு பில் நின்றால் நமக்கு மூன்று வேலை நிற்கும்.

ஆட்கள் இன்னொரு ஆணி. கல் பதிப்பவர்களில் பலர் வடமாநிலத்தவர். சத் பூஜை, தேர்தல் என்று ஊருக்குப் போனால் எல்லோரும் ஒன்றாகப் போவார்கள். தீபாவளிக்கு நம்மவர்களும் வர மாட்டார்கள். மழையும் அதே சமயத்தில். ஐப்பசியில் மழை, தீபாவளி, ஆள் தட்டுப்பாடு மூன்றும் ஒரே மாதத்தில் வருவது தற்செயல் இல்லை, வருஷா வருஷம் அப்படித்தான்.

அதற்கு மேல் நம் செயலாளர். அவர் முன்னாலேயே சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்கு வேலையையும் மேற்பார்வை செய்ய அவர் ஒருவர்தான் பேர் கொடுத்திருக்கிறார். அவருக்குத் தறிப்பட்டறை இருக்கிறது. அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் நான்கு இடத்திலும் கேட்க ஆள் இல்லை. பணத்தைப் பற்றிப் பேசும் அளவு நாம் ஆட்களைப் பற்றிப் பேசுவதில்லை.

பணம் கடைசி. 17 லட்சத்தில் 16 போனால் மிச்சம் ஒன்றரைக்குக் கீழே. இதை நான்கு வேலைக்கும் ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்து மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடலாம் என்று ஓர் யோசனை வந்தது. வேண்டாம் என்பது என் கருத்து. பிரித்துக் கொடுத்த உபரி எப்போதும் செலவாகிவிடும். ஒப்பந்தக்காரருக்கு அது தெரிந்தால் நிச்சயம் செலவாகிவிடும். பொதுவில் ஒரே இடத்தில் பொருளாளரிடம் இருக்கட்டும். எந்த வேலை இழுக்கிறதோ அதற்கு, மூன்று பேர் கையெழுத்தோடு, காரணம் எழுதி எடுக்கலாம். அதே சமயம் ஒரு வேலைக்கு ஒதுக்கிய பணத்தை இன்னொரு வேலைக்கு மாற்றுவது பொதுக்குழுவுக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது. ஐ.எல். அண்ட் எப்.எஸ். கதையில் பாதி அங்கேதான் நடந்தது.

அப்படியானால் ஒவ்வொன்றாகச் செய்யலாமே என்று கேட்பீர்கள். அதிலும் ஆபத்து உண்டு. ஒன்றன்பின் ஒன்று என்றால் இரண்டு வருஷம் ஆகும், கல் விலையும் சிமெண்ட் விலையும் நமக்காக நிற்காது. தெருவை மூன்று தடவை தோண்டுவோம். வயதானவர்கள் மூன்று மழைக்காலம் சேற்றில் நடக்க வேண்டும். எனவே எல்லாவற்றையும் தள்ளிப் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. தோண்டும் வேலைகள் மூன்றையும் ஒன்றாகவே செய்யலாம், ஒரே பள்ளத்தில் முடிந்தவரை சேர்க்கலாம். கல் பதிப்பதை மட்டும் தை மாதத்துக்குத் தள்ளுங்கள். ஒரு மழைக்காலம் மண் இறுகட்டும், குழாய் கசிகிறதா என்று தெரியட்டும். வடிகாலில் தண்ணீர் நாம் நினைத்த திசையில் ஓடுகிறதா என்பதை மழையே காட்டிவிடும், அதற்கு எஞ்சினியர் கட்டணம் கிடையாது.

மூன்றாவது குறுக்குத் தெருவை நம்முடைய அருள்புரமாக வைத்துக்கொள்ளலாம். அது சின்னத் தெரு, பதினோரு வீடு. அங்கே முதலில் குழாய் பதித்து, மோட்டார் போட்டு, ஒரு வாரம் முழு அழுத்தத்தில் ஓட்டிப் பாருங்கள். இணைப்புகள் தாங்குகின்றனவா, கடைசி வீட்டு மாடித் தொட்டிக்கு ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு மற்ற நான்கு தெருக்களைத் தோண்டலாம். பத்து நாள் தாமதம் என்று ஒப்பந்தக்காரர் முனகுவார். முனகட்டும்.

வடிகாலை அவருக்கும் குழாய் வேலையை இரண்டாவதாக விலை கொடுத்தவருக்கும் தரலாமா என்று குழு யோசிக்க வேண்டும். வித்தியாசம் 22,000 ரூபாய். பணம் அதிகம்தான், ஆனால் அது இன்னொரு ஆணிக்குக் கொடுக்கும் விலை. முன்பணம் எந்த வேலைக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். சாமான் இறங்கிய பிறகு, அளந்து பார்த்த பிறகு மிச்சம். மேற்பார்வைக்குத் தெருவுக்கு ஒருவர். ஓய்வு பெற்ற நாங்கள் ஏழெட்டுப் பேர் காலையில் சும்மாதான் நடந்துகொண்டிருக்கிறோம். நடக்கிற வழியில் பள்ளத்தையும் பார்த்துவிட்டு வருகிறோம்.

இன்னொன்று. மாதம் ஒருமுறை ஒரே ஒரு தாள் வாட்ஸ்அப்பில் போட வேண்டும். எத்தனை சதவீதம் முடிந்தது என்று எழுத வேண்டாம், அந்த எண் எல்லோரையும் ஏமாற்றும். இந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது, அது வராவிட்டால் வேறு எந்த வேலை நிற்கும் என்று இரண்டே வரி போதும். எந்த நிலையில் நிறுத்துவது என்பதையும் இன்றே முடிவு செய்துவிடலாம். புரட்டாசி 15-க்குள் குழாய் சோதனை முடியாவிட்டால் பெரிய தெருவைத் தோண்டுவதில்லை என்று தீர்மானத்தில் எழுதிவிட்டால், அன்றைக்கு யாரும் யாரிடமும் முகம் முறிய வேண்டியதில்லை.

சென்ற கூட்டத்தில் பேசிய உறுப்பினர் இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார். அவரிடம் நேற்றே இதையெல்லாம் சொல்லிவிட்டேன். "கேமராவையாச்சும் உடனே வெச்சுப் போடுங்க, திருட்டு பயமா இருக்குது" என்றார். அவர் சொல்வது நியாயம். கேமராவுக்கு வேறு ஆள், வேறு கம்பெனி, தற்காலிகமாகக் கம்பத்தின் மேல் ஒயர் இழுத்தால் பள்ளத்துக்கும் காத்திருக்க வேண்டாம். நான்கில் அது ஒன்றுதான் தனி ஆணியில் தொங்குகிறது. அதை இந்த வாரமே தொடங்கலாம். மோட்டார் கடைக்காரர் கொடுத்த விலைப்பட்டியல் மாதக் கடைசியோடு காலாவதியாகிறது, அதற்கு மட்டும் இன்று ஒப்புதல் தேவை. மற்ற மூன்றுக்கும் குழு கூடி வரிசையைத் திருத்தி அடுத்த ஞாயிறு கொண்டுவரட்டும் என்று முன்மொழிகிறேன்.